வில்லும் விரலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

வில்வித்தை என்றவுடன் வில், அம்பு, இலக்கு ஆகிய மூன்றும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நான்காவதாக ஒரு பொருள் உண்டு. அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு துண்டுத் தோல். நாணை இழுக்கும் மூன்று விரல்களுக்கும் நாணுக்கும் இடையே அது இருக்கிறது. பதக்கம் வாங்கியவரைப் புகைப்படம் எடுப்பவர்கள் வில்லைத்தான் எடுக்கிறார்கள். இந்தத் தோலை யாரும் எடுப்பதில்லை. இந்தச் சின்னஞ்சிறு பொருளைப் பற்றி நம் கல்லூரி மலரில் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் படியுங்கள்!

பயிற்சியாளர்கள் இதை ‘டேப்’ என்கிறார்கள். நம் ஊரில் டேப் என்றால் தையற்காரரின் அளவு நாடா. இதற்குத் தமிழில் பெயர் இல்லையோ என்று அகராதியைப் புரட்டினேன். ‘புட்டில்’ என்றொரு சொல் இருக்கிறது. கூடை, அம்பு வைக்கும் உறை முதலிய பல பொருள்களோடு விரலுறை என்ற பொருளும் அதற்கு உண்டு. இவ்வளவு நல்ல சொல்லை நாம் ஏன் கைவிட்டோம்? இக்கட்டுரையில் நான் அதையே வழங்குகிறேன்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்று ஒரு வில்வித்தைப் பயிற்சி முகாமில் சேர்ந்தேன். பத்துப் பேருக்கு மூன்று வில்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரே புட்டில்! அதுவும் பெரிய கைக்குத் தைத்தது. என் விரல்நுனியைத் தாண்டி அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. சிறுவர்கள் அதை மாட்டிக்கொண்டால் நாண் எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியாது. அதனால் பெரும்பாலோர் வெறும் விரலால் இழுத்தோம். மூன்றாம் நாள் விரல்கள் சிவந்து, நான்காம் நாள் தோல் உரிந்தது. கேட்டதற்கு, “காய்ப்பு ஏறினால் எல்லாம் சரியாகிவிடும்; வலி தாங்காதவனுக்கு வில் எதற்கு?” என்றார்கள். வலியைத் தாங்குவதே பயிற்சி என்ற இந்த எண்ணம் தவறு; அவரவர் விரல் அளவுக்குப் புட்டில் கொடுத்த பிறகே வில்லைக் கையில் கொடுக்க வேண்டும். இதுவே என் கருத்து.

காய்ப்பின் பெருமை பழைய பெருமைதான், மறுக்கவில்லை. புறநானூற்றின் 14-ஆம் பாடலை எங்கள் தமிழ் ஆசிரியர் ஒருநாள் வகுப்பில் விளக்கினார். சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பற்றி, ‘உம் கை மென்மையாக இருக்கிறதே!’ என்று வியந்தானாம். யானையை அங்குசத்தால் அடக்கியும், குதிரையின் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தும், வில்லின் நாணால் வடுப்படுமாறு அம்பு எய்தும் உன் கை வலிதாயிற்று. உன்னைப் பாடுவோர் கைக்கோ நீ இடும் சோற்றை உண்பதைத் தவிர வேறு வருத்தம் இல்லை, ஆகவே மென்மையாயிற்று என்று கபிலர் விடை சொன்னார். வில்லையே கொடியில் பொறித்த சேரர் குலத்து அரசனுக்கு நாண் பட்ட வடு புகழ்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள். அது போரில் வந்த வடு. புலவர் அதைப் பாடியது அரசனை வாழ்த்துவதற்காக. வில் பழகுவோர்க்கு வடு வேண்டும் என்று விதி வகுப்பதற்காக அல்ல.

இனி, நான் படிக்கும் பாடத்திலிருந்து இரண்டொரு கணக்குகள். கணிதம் கண்டு அஞ்சும் நண்பர்கள் பொறுத்தருள்க.

தொடக்கப் பயிற்சிக்குக் கொடுக்கும் வில்லின் இழுவிசை 24 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 11 கிலோ எடை. நாணின் நடுப்பகுதி 3 மில்லிமீட்டர் தடிமன்கூட இராது. மூன்று விரல்களிலும் அது படும் பரப்பை எல்லாம் கூட்டினாலும் 2 சதுர சென்டிமீட்டரை எட்டாது. அப்படியானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்தம். போட்டியின் தகுதிச் சுற்றில் எய்ய வேண்டிய அம்புகள் 72. ஒவ்வோர் அம்புக்கும் 11 கிலோ என்றால் மொத்தம் 792 கிலோ விரல்நுனிகளின் வழியே செல்கிறது. ஒலிம்பிக் ஆண்கள் இழுப்பது ஏறக்குறைய இதில் இரு மடங்கு விசை. நாள்தோறும் பல நூறு அம்புகள் எய்து பழகுவோரின் விரல்களில் உணர்ச்சி மரத்துப்போவதும் உண்டு.

வலி வலியோடு நின்றால் பரவாயில்லை. அது குறியையும் கெடுக்கிறது என்பதுதான் செய்தி. நாணை விடும்போது விரல்கள் தாமாகத் தளர வேண்டும். நாண் விரலைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வலிக்கும் விரல் அப்படித் தளராது. சுடுபாத்திரத்தைத் தொட்ட கை போல வெடுக்கென்று விலகும். அப்போது நாண் பக்கவாட்டில் இழுபட்டுப் புறப்படுகிறது. நாண் விரல்நுனியைச் சுற்றிக்கொண்டு கழல்வதால் அம்பு எப்படியும் சற்று வளைந்துதான் கிளம்பும். இந்த வளைவு ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால் அதற்கேற்பக் குறியைத் திருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தால் எதைத் திருத்துவது?

அளவைப் பாருங்கள். முழுதும் இழுத்த நிலையில் அம்பின் நீளம் சுமார் 70 சென்டிமீட்டர். ஒலிம்பிக்கில் இலக்கு இருப்பது 70 மீட்டர் தொலைவில். அதாவது நூறு மடங்கு. அம்பின் பின்முனை 1 மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் 10 சென்டிமீட்டர் விலகும். (நாணும் வில்லும் அதிர்வதை எல்லாம் சேர்த்தால் கணக்கு இவ்வளவு எளிதன்று; என் பேராசிரியர்கள் மன்னிக்க.) இலக்கின் நடுவட்டத்துக்கு விட்டம் 12.2 சென்டிமீட்டர், மையத்திலிருந்து ஓரம் வரை 6.1 சென்டிமீட்டர்தான். ஆக, ஒரு மில்லிமீட்டரில் பத்து மதிப்பெண் ஒன்பதாகிறது. வழவழப்பான தோல் இருந்தால் நாண் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வழுக்கிச் செல்கிறது. காய்ப்பு ஏறிய விரலோ மேடு பள்ளமாகி நாணைத் தடுக்கிறது. புட்டில் சுகத்துக்கு அணிவது என்பாரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

இங்கே வீட்டுச் செய்தி ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். என் தந்தை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் இருபது ஆண்டுகளாகத் தகடு ஏற்றி இறக்குகிறார். தகட்டின் விளிம்பு கத்திபோல் இருக்கும். முன்பு அவர் வேலை பார்த்த வேறோர் இடத்தில் கையுறைகள் பீரோவில் பூட்டியிருந்தன. அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் வெளியே வரும், மாலையில் திரும்ப உள்ளே போகும். அங்கேயும் சொன்ன வார்த்தை இதேதான்: “கை பழகிவிடும்.” முகாமில் அதைக் கேட்டபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். யார் கைக்கு உறை கொடுப்பது, யார் கையைப் பழகிக்கொள்ளச் சொல்வது என்பதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை.

பழைய காப்பியங்களிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. வால்மீகி இராமாயணத்தின் பால காண்டத்தில், விசுவாமித்திரரைப் பின்தொடர்ந்து புறப்படும் இராமனும் இலட்சுமணனும் உடும்புத் தோலால் ஆன கைக்காப்பும் விரற்காப்பும் அணிந்திருந்தார்கள் என்று வருகிறது. அரசகுமாரர்கள் அல்லவா! தசரதன் வீட்டுப் பிள்ளைகளிடம் ‘காய்ப்பு ஏறட்டும்’ என்று எவரும் சொல்லவில்லை. மகாபாரதத்தில் நிடாதர் குலத்து ஏகலைவனுக்கோ காப்பு கிடைக்கவில்லை. இருந்த விரலும் போயிற்று. கட்டைவிரலை அறுத்துக் கொடுத்த பிறகும் அவன் மற்ற விரல்களால் அம்பு எய்தான், முன்னிருந்த வேகம் மட்டும் இல்லை என்று அக்கதையே சொல்கிறது. கீழை நாடுகள் பலவற்றில் நாணைக் கட்டைவிரலால் இழுப்பதே வழக்கம். அதற்காகக் கல்லிலும் கொம்பிலும் மோதிரம் செய்தார்கள். ஷாஜகானின் பச்சைக்கல் வில் மோதிரம் இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் இன்றைய ஒலிம்பிக் வில்லாளி இழுப்பது ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றால். கட்டைவிரலுக்கு அங்கே வேலையே இல்லை! துரோணர் இன்று வந்தால் வேறு எதைக் கேட்பாரோ? போட்டிக்கு வேண்டிய முழுக் கருவிகளின் விலை லட்சங்களில் இருக்கும்போது அவர் வாய் திறந்து கேட்க வேண்டியதே இல்லை.

அப்படியும் வந்தவர்கள் உண்டு. ராஜஸ்தானின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம் மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். ராஞ்சிக்கு அருகே ஆட்டோ ஓட்டுநரின் மகளான தீபிகா குமாரி மூங்கில் வில்லில் தொடங்கி, 2010-இல் டில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். இவர்களைக் காட்டி, ‘பார், கருவி முக்கியமில்லை, முயற்சிதான் முக்கியம்’ என்று மேடையில் பேசுவார்கள். முழுக் கதையையும் பேசட்டும். தீபிகா ஜாம்ஷெட்பூரில் டாட்டா அகாதெமியில் சேர்ந்த பிறகுதான் முறையான கருவிகள் அவர் கைக்கு வந்தன. இன்னும் ஒருவர், ஜம்மு-காஷ்மீரின் கிஷ்த்வார் பகுதியைச் சேர்ந்த சீத்தல் தேவி. பிறவியிலேயே இரு கைகளும் இல்லாதவர். காலால் வில்லைப் பிடித்து, தோளில் பொருத்திய கருவியால் நாணை இழுத்து, தாடையால் விடுவித்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் பெற்றார். அவர் உடலுக்கு ஏற்பக் கருவியை அமைத்தார்கள். நமக்குக் கேட்பது அதில் நூறில் ஒரு பங்கு.

வெளிநாட்டார் இதில் என்றோ தெளிந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 1545-இல் ரோஜர் ஆஸ்கம் வில்வித்தை பற்றி எழுதிய நூலில் கைக்காப்புக்கும் விரலுறைக்கும் தனியே இடம் கொடுத்திருக்கிறார். வில் ஏந்துவோர் ஆயிரக்கணக்கில் இருந்த நாடு அது. அவர்களும் வெறும் விரலை நம்பவில்லை.

கடைகளில் இப்போது வேறு சில துணைப்பொருள்களும் கிடைக்கின்றன. நாணிலேயே கோர்த்துவிடும் சிறு ரப்பர்க் குழாய்கள் அவற்றில் ஒன்று. குதை பொருந்தும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. யார் வந்து இழுத்தாலும் விரல் நோகாது. பொருட்காட்சியில் பத்து ரூபாய்க்கு மூன்று அம்பு விடும் இடத்துக்கு அது போதும். ஆனால் நாணின் நடுவில் எடை கூடக் கூட, அம்புக்குப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி அந்த எடையை நகர்த்தவே செலவாகிறது; வேகம் குறைகிறது. விரலும் நாணை நேராக உணர்வதில்லை. முகாம்களில் செலவைக் குறைக்க இதையே மாட்டிவிடுகிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. உதட்டில் படும்படி நாணில் பொருத்தும் சிறு பொத்தான் நல்ல பொருள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம் வரை இழுத்தோமா என்று அது சொல்லிவிடும். விதிகளும் அதை அனுமதிக்கின்றன. கையுறையைப் பற்றிக் கேட்டால், நம் சென்னை வியர்வைக்கு அது ஒத்துவராது என்பேன்.

புட்டில் செய்வது பெரிய வித்தையன்று. பெரியமேட்டுத் தோல் கடைகளில் துண்டுத் தோல் எடைக்கு வாங்கலாம். உலகத்துக்கே தோல் பதனிட்டு அனுப்பும் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் நம் மாநிலத்தில். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் அடையாற்றில். இங்கே உள்ளங்கை அளவு தோலுக்குப் பஞ்சமா? நான் ஒரு துண்டு வாங்கி, ரயில் நிலையத்துக்கு வெளியே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொடுத்தேன். கையைத் தாளில் வைத்து வரைந்து காட்டினேன். நாண் படும் பக்கம் வழவழப்பான தோல், விரல் படும் பக்கம் மெத்தென்ற தோல், நடுவிரல் நுழைய ஒரு வளையம், அம்பின் குதை உட்கார ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே ஒரு பிளவு. அவ்விரு விரல்களும் அம்பை நெருக்காமல் இருக்க, பிளவின் அருகே ஒரு சிறு தடுப்பு. அதை அவரே செருப்பின் அடித்தோலில் வெட்டி ஒட்டினார். நான் சொல்லவே இல்லை! விரலை மடக்கி நாணைப் பிடித்தபடி நுனிக்கு வெளியே நீட்டியிருப்பதைக் கத்தரித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஈரம் பட்டால் தோல் ஒட்டும். முகத்துக்குப் பூசும் பவுடரைக் கொஞ்சம் தடவினால் போதும்.

ஆவடியில் படைவீரர்களுக்கு உடை தைக்கிற தொழிற்சாலை இருக்கிறது. எல்லா வீரருக்கும் ஒரே அளவில் அங்கே சட்டை தைப்பார்களா? நம் கல்லூரியில் வில்வித்தைக் குழு தொடங்க வேண்டும் என்ற பேச்சு எழுந்திருப்பதால் விளையாட்டுக் குழுவினரிடம் என் வேண்டுகோள் இது. வில்லுக்கு விலைப்பட்டியல் வாங்கும் முன் சேர விரும்பும் மாணவ மாணவியரின் கைகளை அளந்து, சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் ஆளுக்கொரு புட்டில் தைத்துவிடுங்கள். ஒருவருடையதை ஒருவர் மாட்டிக்கொள்ளும்படி வேண்டாம். தோல் அவரவர் விரலுக்குத்தான் படியும். இடது கையால் இழுப்பவர்களுக்குப் பிளவும் தடுப்பும் மாற்றித் தைக்க வேண்டும். எங்கள் வகுப்பிலேயே இடக்கைக்காரர்கள் மூவர் இருக்கிறோம்.