வீட்டு மீன் தொட்டியில் பவளம் வளர்க்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ரீல்ஸைத் திறந்தால் வரவேற்பறைக்குள்ளேயே கடல் தெரிகிறது. நீல விளக்கு, கோமாளி மீன், தண்ணீரில் அசைந்தாடும் பவளம். ‘நம்ம வீட்லயும் ஒண்ணு வைக்கலாமே’ என்று ஆசை வருவது இயல்புதான். சிக்கல் என்னவென்றால், இந்த வீடியோக்களில் பல வெளிநாட்டில் எடுத்தவை. அங்கே கடையில் பவளத் துண்டு வாங்குவது சாதாரணம். இங்கே அது சிறை வரை போகக்கூடிய விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும், கருப்புப் பவளம், கடல் விசிறி உள்ளிட்டவையும் 2001-ல் இதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதாவது, சட்டத்தின் பார்வையில் பவளத்துக்கும் புலிக்கும் ஒரே இடம். பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022-ல் வந்த திருத்தத்தின்படி அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

‘செத்துப்போன பவளம்தானே, கல்லு மாதிரிதானே இருக்கு’ என்பது பலர் சொல்லும் சமாதானம். அது செல்லாது. ராமேஸ்வரம் டூர் போய்விட்டு ஷோகேஸுக்காக வாங்கி வரும் வெள்ளைப் பவளமும் இதே சட்டத்துக்குள்தான் வரும். தொட்டிக்குள் போட ‘லைவ் ராக்’ என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடுதான். ‘இது இம்போர்ட்டட் சார்’ என்று கடைக்காரர் சொன்னால் இறக்குமதி அனுமதிக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். வாய் வார்த்தை போதாது. அனைத்துலக வணிகத்திலும் பாறை கட்டும் பவளங்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

பதில் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி இது. அதற்கு முன்பும் பின்பும் தூத்துக்குடி பக்கம் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் போனதால் மண் அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று கடலுக்கு அடியில். 2002-லிருந்து தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் பவளத் துண்டுகளைக் கடலடியில் பொருத்தி மறுபடி வளர்த்துவருகிறது. ஒரு பக்கம் துண்டு துண்டாக நட்டு வளர்க்கும்போது, இன்னொரு பக்கம் தொட்டிக்காக உடைத்து எடுப்பதை எப்படி அனுமதிப்பது?

மதுரை வெயில் இன்னொரு பிரச்சினை

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், பவளம் இங்கே பிழைப்பது கஷ்டம். பவளம் செடியும் இல்லை, கல்லும் இல்லை; உயிரினம். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெயிலை வைத்துச் சமைத்து அதற்குச் சோறு போடுகிறது. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பாசியைப் பவளம் வெளியேற்றிவிடும், நிறம் வெளுத்துவிடும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் நடந்தது இதுதான். அவ்வளவு பெரிய கடலே தாங்காத சூட்டை, சித்திரை மாதத்தில் நாகமலை அடிவாரத்து வீட்டில் நூறு லிட்டர் தொட்டி எப்படித் தாங்கும்? தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இருந்தாலும் கரன்ட் போனால் கதை முடிந்தது.

அப்போ எதில் ஆரம்பிப்பது?

பவளம் இல்லாமலேயே உப்புத் தண்ணீர்த் தொட்டி வைக்கலாம். நல்ல செய்தி என்னவென்றால், கோமாளி மீனைக் கடலில் பிடிக்காமல் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் உருவாக்கியிருக்கிறது. வாங்கும்போது ‘பண்ணையில் பிறந்ததா?’ என்று கேட்டால் போதும்.

போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம், நூறு லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ கடல் உப்புக் கலவை. சமையல் உப்பைக் கொட்டினால் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கிடைக்காது. பாறைக்குப் பதில் பீங்கான் அல்லது சிமென்ட்டில் செய்த செயற்கைப் பாறை வைக்கலாம். கழிவை உடைக்கும் பாக்டீரியா பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது. அவசரப்பட்டு முதல் வாரமே விட்டுவிட்டு, ‘ராசி இல்ல’ என்று தொட்டியை விற்பவர்கள்தான் அதிகம். இன்னொன்று: ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு இல்லை. அதனால் குறையும் அளவை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல.

பவளத்தை உயிரோடு பார்த்தே ஆக வேண்டும் என்றால், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி அருகே பிச்சைமூப்பன்வலசையில் வனத்துறையின் கண்ணாடி அடித்தளப் படகு இருக்கிறது. கடல் கலங்கலாக இருக்கும் நாளில் ஒன்றும் தெரியாது. காற்று அடங்கிய நாளாகப் பார்த்துக் கிளம்புவது நல்லது.