மாப்பிள்ளை அமெரிக்காவில்... மனைவி சிதம்பரம் கோர்ட்டில்... வக்கீல்களுக்கும் தேவை ‘டியூஷன்’!

கடலூர்:

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கம் போனால் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று எங்காவது ஒரு சொந்தக்காரர் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். சிதம்பரத்தில் என்ஜினீயரிங் படித்துவிட்டு அமெரிக்கா பறந்தவர்களும் ஏராளம்.

கல்யாணம் ஊரில், வேலை வெளிநாட்டில். சந்தோஷமாக இருக்கும் வரை பிரச்சினை இல்லை. தகராறு என்று வந்த பிறகுதான் தலைவலியே ஆரம்பம்.

இதே மாவட்டத்தில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. இலங்கை சண்டையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்த தமிழர்கள். குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பகுதி முகாம்களில் இவர்கள் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். இங்கேயே பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

இந்த இரண்டு தரப்பும் கடைசியில் போய் நிற்கிற இடம் ஒன்றுதான். உள்ளூர் வக்கீல் ஆபீசு!

அந்த வக்கீலுக்கு புது சட்டம் தெரியுமா, தெரியாதா என்பதைப் பொறுத்துத்தான் ஒரு குடும்பம் கரை சேருவதும், தவிப்பதும் இருக்கிறது. ஆனால் படித்து முடித்த வக்கீல்கள் மீண்டும் மீண்டும் படிக்க நம்ம ஊரில் என்ன ஏற்பாடு இருக்கிறது?

இதுபற்றிய ஒரு அலசல்:-

தபாலில் வரும் விவாகரத்து

சிதம்பரத்தைச் சேர்ந்த ஒரு இளம்பெண் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க மாப்பிள்ளை. 2 வருடம் அங்கே குடும்பம் நடத்துகிறார். பிறகு ‘அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வா’ என்று கணவர் விமானம் ஏற்றி அனுப்புகிறார். அதோடு சரி, போன் இல்லை.

கணவரின் வேலை விசாவை நம்பித்தான் மனைவிக்கு ‘எச்-4’ விசா. கணவர் கையெழுத்து போடாவிட்டால் அதை நீட்டிப்பது கஷ்டம். திடீரென்று ஒருநாள் அமெரிக்க கோர்ட்டில் இருந்து விவாகரத்து நோட்டீசு தபாலில் வருகிறது. வீடே இடிந்து போய் உட்காருகிறது.

‘வெளிநாட்டு கோர்ட்டு சொன்னா அவ்ளோதான்’ என்று நினைத்தால் அது தப்பு.

1991-ம் ஆண்டே சுப்ரீம் கோர்ட்டு இதில் தெளிவான தீர்ப்பு சொல்லிவிட்டது. திருப்பதியில் கல்யாணம் செய்துகொண்ட ஒருவர், அமெரிக்காவின் மிசவுரி மாநில கோர்ட்டில் விவாகரத்து வாங்கிய வழக்கு அது. எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ, அந்தச் சட்டத்தில் உள்ள காரணத்துக்காகத்தான் விவாகரத்து கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

அமெரிக்காவில் ‘ஒத்துப்போகவில்லை’ என்று சொன்னாலே விவாகரத்து கிடைக்கும். இந்து திருமண சட்டத்தில் அப்படி ஒரு காரணமே கிடையாது.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. மனைவி தானாக முன்வந்து அந்த வெளிநாட்டு கோர்ட்டின் அதிகாரத்தை ஏற்று வழக்காடினாலோ, விவாகரத்துக்கு சம்மதித்தாலோ அந்தத் தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தலாம். விவரம் தெரியாமல் ஒரு தாளில் கையெழுத்து போட்டால் கதை கந்தல்.

நோட்டீசுக்கு பதில் அனுப்புவதா, ‘இந்த வழக்கை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை’ என்று மட்டும் எழுதுவதா, சும்மா இருப்பதா? இதை நேரத்தோடு சொல்ல வேண்டியவர் வக்கீல். அவருக்கே இந்தத் தீர்ப்பு தெரியாவிட்டால்?

உள்ளூரிலேயே கேஸ் போடலாம்

கணவர் எந்த நாட்டில் இருந்தாலும், மனைவி தான் குடியிருக்கும் பகுதிக்கான கோர்ட்டிலேயே விவாகரத்து வழக்கு போடலாம். 2003-ல் இந்து திருமண சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் இது.

ஜீவனாம்சமும் அப்படித்தான். ‘125 போடணும்’ என்று இன்றைக்கும் கோர்ட்டு வாசலில் சொல்கிறார்கள். அது பழைய குற்றவியல் நடைமுறை சட்டத்தின் நம்பர். 1-7-2024 முதல் புது சட்டம் வந்துவிட்டது. அதில் ஜீவனாம்சம் 144-வது பிரிவு. வரதட்சணை கொடுமைக்கான பழைய 498-ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு. மின்னணு முறையில் சம்மன் அனுப்பவும் புது சட்டத்தில் வழி இருக்கிறது.

கோர்ட்டில் ஆஜராகாமல் டிமிக்கி கொடுக்கும் கணவருக்கு ‘செக்’ வைக்க பாஸ்போர்ட்டு சட்டம் உதவும். சம்மன் அல்லது வாரண்டு பிறப்பிக்கப்பட்டிருந்தால் பாஸ்போர்ட்டை முடக்க அதன் 10-வது பிரிவில் அதிகாரம் உண்டு.

துபாய் விஷயத்திலும் ஒரு மாற்றம். ஐக்கிய அரபு அமீரக கோர்ட்டுகள் பணம் கொடுக்கச் சொல்லி போடும் உத்தரவை, இங்குள்ள மாவட்ட கோர்ட்டு மூலமே நிறைவேற்றலாம் என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்துக்கும் இது பொருந்தும். அமெரிக்கா இந்தப் பட்டியலில் இல்லை.

ஆக, கணவர் துபாயில் இருந்தால் ஒரு வழி, அமெரிக்காவில் இருந்தால் வேறு வழி. நாட்டுக்கு நாடு கணக்கு மாறுகிறது.

முகாமில் பிறந்த குழந்தை எந்த நாடு?

இனி முகாம் பக்கம் வருவோம்.

1986-ம் ஆண்டு மண்டபம் முகாமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வளர்ந்து பெரியவளாகி பாஸ்போர்ட்டு கேட்டபோது கிடைக்கவில்லை. அவர் மதுரை ஐகோர்ட்டு கிளைக்குப் போனார்.

26-1-1950 முதல் 30-6-1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்பது குடியுரிமை சட்டத்தின் 3-வது பிரிவு. பெற்றோர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி. இதன் அடிப்படையில் அவருக்கு பாஸ்போர்ட்டு வழங்க 2022 ஆகஸ்டில் ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 2024 பாராளுமன்ற தேர்தலில் அவர் முதல் முறையாக ஓட்டு போட்டார்.

யோசித்துப் பாருங்கள். இதற்காக யாரும் புதுசாக சட்டம் போடவில்லை. இருந்த சட்டம்தான். அதை எடுத்துக் காட்டி வாதாட ஆள் கிடைக்கும்போது அந்தப் பெண்ணுக்கு வயது 36!

அவருக்குப் பின்னால் பிறந்தவர்களுக்கு சிக்கல் அதிகம். 1-7-1987-க்குப் பிறகு பிறந்தால் தாய், தந்தையில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 3-12-2004 முதல் இன்னும் இறுக்கம். ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதமாக குடியேறியவராக இருக்கக்கூடாது.

உள்ளூர் பையன் முகாம் பெண்ணைக் கல்யாணம் செய்தால் பிறக்கிற குழந்தையின் கதி என்ன? பாஸ்போர்ட்டும், விசாவும் இல்லாமல் படகில் வந்தவர் சட்டத்தின் பார்வையில் யார்? இங்கேதான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. முகாம் பெயர் 2021-ல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. ஆனால் அங்கே வாழ்கிறவர்களின் குடியுரிமை சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. 2019 குடியுரிமை திருத்த சட்டத்தில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு. இலங்கை இல்லை.

புது சட்டம் வந்தாச்சு!

1-9-2025 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் அமலுக்கு வந்துள்ளது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளில் போடப்பட்ட 4 பழைய சட்டங்கள் காலாவதி.

அதே மாதம் ஒரு விலக்கு உத்தரவும் வந்தது. 9-1-2015 வரை இந்தியாவில் தஞ்சம் அடைந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட்டு, விசா இல்லாததற்கான தண்டனையில் இருந்து விலக்கு. முகாம்களில் பலரும் ‘அப்பாடா’ என்று பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் அந்த உத்தரவு தண்டனையில் இருந்துதான் காப்பாற்றுகிறது. குடியுரிமை தருவதாக அதில் இல்லை. இந்த வித்தியாசத்தைப் புரிய வைக்காமல் ‘எல்லாம் கிடைச்சிரும், பணத்தைக் கட்டுங்க’ என்று யாராவது சொன்னால், ஏமாறுவது முகாம்காரர்தான்.

கோர்ட்டும் எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு வழக்கில் தண்டனை அனுபவித்த இலங்கைத் தமிழர் ஒருவர், மனைவி, பிள்ளைகள் இங்கே இருப்பதாகச் சொல்லி, தன்னைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று கேட்டார். உலகத்தில் உள்ள அகதிகளை எல்லாம் தங்க வைக்க இந்தியா சத்திரம் அல்ல என்ற கருத்தோடு 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்க மறுத்துவிட்டது.

டாக்டருக்கு உண்டு, வக்கீலுக்கு இல்லை

டாக்டர்கள் 5 ஆண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவ கல்வி பெற வேண்டும் என்று 2002-ம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. நீதிபதிகளுக்கு பயிற்சி கொடுக்க தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமி இருக்கிறது.

வக்கீல்களுக்கு? சட்டம் படித்து, பதிவு செய்து, 2011-ல் தொடங்கிய அகில இந்திய பார் தேர்வில் பாஸ் செய்தால் போதும். அதன்பிறகு இத்தனை மணி நேரம் வகுப்புக்குப் போனால்தான் தொழில் செய்யலாம் என்ற கட்டாயம் இல்லை. விருப்பப்பட்டவர்கள் படித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் கதையே வேறு. நியூயார்க் வக்கீல்கள் 2 ஆண்டுக்கு 24 மணி நேரம், கலிபோர்னியா வக்கீல்கள் 3 ஆண்டுக்கு 25 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். குடும்ப விசா, நாடு கடத்தல், மனைவிக்கு கிரீன் கார்டு என்று தனித்தனி பாடமே நடக்கிறது.

வக்கீலின் ஒரு வார்த்தைக்கு எவ்வளவு விலை என்பதற்கு அங்கே ஒரு லாரி டிரைவரின் வழக்கு உதாரணம். ஹோண்டுராஸ் நாட்டில் பிறந்தவர். 40 வருடத்துக்கு மேல் அமெரிக்காவில் இருந்தவர், வியட்நாம் போரில் பணியாற்றியவர். கஞ்சா கடத்திய வழக்கில் சிக்கினார். ‘ரொம்ப வருஷமா இங்க இருக்கீங்க, நாடு கடத்த மாட்டாங்க’ என்கிற மாதிரி வக்கீல் சொன்னதை நம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதனாலேயே நாடு கடத்தும் நிலை வந்தது. இப்படிப்பட்ட ஆபத்தை கட்சிக்காரருக்கு சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை என்று 2010-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது.

வக்கீல்கள் பக்கமும் நியாயம் இருக்கு

எல்லா பழியையும் வக்கீல்கள் தலையில் போட முடியாது. சென்னையில் என்றால் விவாகரத்துக்கு ஒருவர், விசாவுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்வார்கள். தாலுகா கோர்ட்டு வக்கீல் காலையில் வரப்பு தகராறு, மதியம் ஜாமீன், சாயங்காலம் செக் மோசடி பார்க்க வேண்டும். அமெரிக்க விவாகரத்து எப்போதாவது ஒன்று வரும். அதற்காக ஆயிரக்கணக்கில் புத்தகம் வாங்க ஜூனியர்களால் முடியுமா?

வழி இல்லாமல் இல்லை. கடலூர், சிதம்பரம் வக்கீல் சங்கங்களும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் கைகோர்த்தால் மாதம் ஒரு சனிக்கிழமை அரை நாள் வகுப்பு நடத்திவிடலாம். வெளிநாட்டு விவாகரத்து ஒரு மாதம், குழந்தை யார் பொறுப்பு என்பது ஒரு மாதம், குடியுரிமை ஒரு மாதம். சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புகள் பல இப்போது தமிழிலேயே இணையத்தில் இலவசமாக கிடைக்கின்றன. கட்டிடம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி.

நீங்கள் செய்ய வேண்டியது

அதுவரைக்கும் பொதுமக்கள் சும்மா இருக்க முடியாது.

* கல்யாணம் ஆனதும் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாடு திருமண பதிவு சட்டம் 2009-ன்படி 90 நாளுக்குள் செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் 150 நாள் வரை அவகாசம் உண்டு. வெளிநாட்டு மாப்பிள்ளைகளுக்காக 2019-ல் மேல்சபையில் கொண்டு வந்த தனி மசோதா இதுவரை சட்டமாகவில்லை.

* மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டு, விசா நகல், வேலை செய்யும் கம்பெனி முகவரி ஆகியவற்றை கல்யாணத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

* முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பு சான்றிதழ், பெற்றோரின் பதிவு ஆவணங்களை பத்திரமாக வையுங்கள். பிறந்த தேதி ஒன்றே வழக்கின் போக்கை மாற்றும்.

* வெளிநாட்டு நோட்டீசு வந்தால் கையெழுத்து போடும் முன் வக்கீலைப் பாருங்கள். ‘இந்த மாதிரி கேஸ் இதுக்கு முன்னாடி பார்த்திருக்கீங்களா சார்?’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

* வெளிநாட்டில் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கு வழக்கு செலவுக்காக அதிகபட்சம் 4 ஆயிரம் டாலர் வரை உதவும் திட்டம் மத்திய வெளியுறவு அமைச்சகத்திடம் இருக்கிறது. இந்திய தூதரகத்தில் கேட்கலாம்.

கையில் காசு இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். இலவச சட்ட உதவி பெற பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. கடலூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.