மற்றப் படகில் இருப்பவர்கள்

மயிலாடுதுறையிலிருந்து பேருந்து ஏறினால் தரங்கம்பாடி வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் காரைக்காலை அடைந்துவிடலாம். இன்று நம்மில் பலர் கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போய்வரும் ஊர் அது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் காவிரிப் படுகையின் ஏழை உழவர்கள் பலர் தங்கள் மண்ணைக் கடைசியாகத் திரும்பிப் பார்த்ததும் அந்தத் துறைமுகத்திலிருந்துதான். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின், ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். பக்கத்திலுள்ள மொரீசியஸ் தீவுக்கும் இவ்வாறே இந்தியாவின் பல துறைமுகங்களிலிருந்து நான்கு லட்சத்திற்கும் அதிகமானோர் சென்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் ரீயூனியனிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் தங்கள் முன்னோரின் திருமுழுக்குப் பதிவைத் தேடிக் காரைக்கால் பக்கம் வந்தபோது நம்மையும் சந்தித்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை. குடும்பப் பெயர் மட்டும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் சிதைந்த தமிழ்ப் பெயராக இருந்தது. தேடி வந்த பதிவு கிடைக்கவில்லை. ஆனால் புறப்படும்முன், தங்கள் மகன் தீவு நாடுகளின் விளையாட்டுப் போட்டியில் ஓடியதைச் சொல்லி, அவன் படத்தைப் பெருமையோடு காட்டினார்கள். அது என்ன போட்டி என்று அறியப் புகுந்தபோது, நம் கடற்கரையும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று அங்கே இருப்பதை உணர்ந்தோம்.

விளையாட்டால் இணைந்த தீவுகள்

இந்தியப் பெருங்கடல் தீவுகளின் விளையாட்டுப் போட்டிகள் 1979ஆம் ஆண்டு ரீயூனியனில் முதன்முறையாக நடந்தன. இன்று மொரீசியஸ், சீஷெல்ஸ், மடகாஸ்கர், கொமொரோஸ், மாலத்தீவு ஆகிய ஐந்து நாடுகளும், பிரான்சின் பகுதிகளான ரீயூனியன், மயோத் தீவுகளும் இவற்றில் பங்கேற்கின்றன. இவற்றுள் மடகாஸ்கரின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்று கோடி. சீஷெல்ஸின் மக்கள்தொகையோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். ஒருபுறம் உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று, மறுபுறம் சுற்றுலாவால் வளம் பெற்ற நாடு. கிறிஸ்தவர், இந்துக்கள், இஸ்லாமியர் எனச் சமயங்களும் வேறுபடுகின்றன. ஒலிம்பிக் மேடையில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகும் இந்தச் சின்னஞ்சிறு நாடுகளின் பிள்ளைகள், தங்களுக்குள் போட்டியிட்டு வெற்றியின் இனிமையைச் சுவைக்க இது ஒரு களம்.

இந்தப் பாதை மலர்ப்பாதையாக இருக்கவில்லை. மொரீசியஸில் கால்பந்து அணிகள் நெடுங்காலம் சமயத்திற்கும் இனத்திற்கும் ஒன்றாகப் பிரிந்திருந்தன. 1999ஆம் ஆண்டு மே மாதம் ஒரு கால்பந்துப் போட்டி முடிந்ததும் மூண்ட வன்முறையில், தலைநகர் போர்ட் லூயிஸில் ஒரு கட்டடம் தீக்கிரையாகி ஏழு உயிர்கள் பலியாயின. இறந்தவர்களுள் குழந்தைகளும் இருந்தார்கள். அதிர்ச்சியடைந்த நாடு, கால்பந்துப் போட்டிகளை நிறுத்திவைத்து, அணிகளை வட்டார அடிப்படையில் புதிதாகக் கட்டியெழுப்பியது. நான்கே ஆண்டுகளில், 2003இல், அதே நாடு தீவு விளையாட்டுப் போட்டிகளை நடத்தியது. அப்போது எல்லாச் சமயத்தாரும் ஒரே கொடியின்கீழ் நின்று தங்கள் அணிக்காக ஆர்ப்பரித்தார்கள். தெருவுக்கு ஓர் அணி, சாதிக்கு ஓர் அணி என்று கபடிப் போட்டி நடத்தும் நம் ஊர்களுக்கு இந்த வரலாறு ஒன்றும் சொல்லவில்லையா?

2015இல் ரீயூனியனில் நடந்த போட்டியிலிருந்து கொமொரோஸ் நாடு பாதியிலேயே விலகியது. மயோத் தீவைத் தனக்குரியது என்று கருதும் அந்நாடு, அத்தீவின் வீரர்கள் பிரெஞ்சுக் கொடியோடு அணிவகுத்ததை ஏற்கவில்லை. 2023 ஆகஸ்டில் மடகாஸ்கர் தலைநகரில் தொடக்க விழாவுக்குத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் சிக்கிக் குறைந்தது 12 பேர் இறந்தனர். இத்தனை காயங்களுக்குப் பின்னும் அந்தத் தீவுகள் கூடி விளையாடுவதை நிறுத்திவிடவில்லை. சண்டை தீர்ந்த பிறகு பழகுவோம் என்று அவர்கள் காத்திருக்கவும் இல்லை.

அழிக்கப்படாத பண்பாடு

பண்பாட்டிலும் இந்தத் தீவுகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டுள்ளன. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் இரவில் தீ மூட்டி ஆடிய ஆட்டங்கள் ரீயூனியனில் மலோயா என்றும், மொரீசியஸில் செகா என்றும், சீஷெல்ஸில் மூத்தியா என்றும் வழங்குகின்றன. எசமானர்கள் இழிவென்று ஒதுக்கிய இந்த ஆட்டங்களை யுனெஸ்கோ நிறுவனம் முறையே 2009, 2014, 2021ஆம் ஆண்டுகளில் மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களாக ஏற்றுக்கொண்டது.

நம் தமிழும் அங்கே வாழ்கிறது. மொரீசியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். அந்நாட்டு ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்தைக் காணலாம். 1998இல் வெளியான நோட்டுகளில் தமிழின் இடம் கீழிறக்கப்பட்டது என்று எதிர்ப்பு எழுந்தபோது, அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. சிறுபான்மையினரின் மனக்குறையை அலட்சியப்படுத்தாத அந்தப் பண்பு பாராட்டுக்குரியது.

திரு அவையும் இந்த உறவில் பங்கெடுத்துள்ளது. மொரீசியஸ், ரீயூனியன், சீஷெல்ஸ், கொமொரோஸ் தீவுகளின் ஆயர்கள் ஒரே ஆயர் பேரவையாகச் செயல்படுகிறார்கள். விடுதலை பெற்ற அடிமைகளின் நடுவே உழைத்து 1864இல் இறந்த அருள்பணியாளர் ஜாக் லவாலின் கல்லறைக்கு, ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தில் கத்தோலிக்கரோடு இந்துக்களும் இஸ்லாமியரும் நடந்தே வருகிறார்கள். அவருடைய நினைவு நாளாகிய 2019 செப்டம்பர் 9 அன்றுதான் திருத்தந்தை பிரான்சிஸ் மொரீசியஸ் சென்று திருப்பலி நிறைவேற்றினார். வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகும் நமக்கு அந்தக் காட்சி புதிதல்ல.

பங்கு போடாத கடல்

விழாவும் விளையாட்டும் மட்டும் போதுமா? போதாது. வயிற்றுப்பாட்டைத் தொடாத நட்பு நெடுநாள் நிலைக்காது. இதையும் அவர்கள் அறிந்திருக்கிறார்கள். 1982இல் மொரீசியஸ், மடகாஸ்கர், சீஷெல்ஸ் மூன்றும் சேர்ந்து இந்தியப் பெருங்கடல் ஆணையத்தைத் தொடங்கின. பின்னர் கொமொரோஸும், ரீயூனியன் சார்பாகப் பிரான்சும் இணைந்தன. 2020 முதல் இந்தியா அதில் பார்வையாளராக உள்ளது. களவாக மீன்பிடிக்கும் அயல்நாட்டுக் கப்பல்களைக் கூட்டாகக் கண்காணிப்பது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று.

அனைத்திலும் நம்மை வியக்கவைப்பது வேறொன்று. மொரீசியஸும் சீஷெல்ஸும் 2008இல் தங்களுக்கு அருகிலுள்ள கடலுக்கு எல்லை வகுத்துக்கொண்டன. ஆனால் 200 கடல் மைலுக்கு அப்பால் பரந்து கிடக்கும் கடலடி நிலத்தை அவர்கள் பங்கு போடவில்லை. இரு நாடுகளும் சேர்ந்தே ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்பிடம் விண்ணப்பித்து, 2011இல் அதற்கு ஒப்புதல் பெற்றன. 2012 மார்ச்சில் ஏறத்தாழ 3,96,000 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கூட்டாக ஆளும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தமிழ்நாட்டைப் போல் மூன்று மடங்கு பரப்பு அது. ஆளுக்குப் பாதி என்று வெட்டிக்கொள்ளாமல், இரண்டும் நம்முடையது என்று சொல்ல முடிந்திருக்கிறது.

எல்லா முயற்சியும் கைகூடிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திரோமலின் என்ற குட்டித் தீவைக் கூட்டாகப் பேண 2010இல் மொரீசியஸும் பிரான்சும் செய்த உடன்பாடு, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைக்காமல் கிடப்பில் போயிற்று. ஆணையத்தின் நாடுகளிடையே நடக்கும் வணிகமும் இன்னும் சிறிதளவே. ஆனால் ஆபத்து வந்தபோது உறவின் பயன் தெரிந்தது. 2020 ஜூலையில் வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் மொரீசியஸின் பவளப்பாறையில் மோதி, எண்ணெய் கடலில் கலந்தது. மக்கள் சமய வேறுபாடின்றிக் கரையில் கூடி, துணிப் பைகளில் கரும்புச் சோகையைத் திணித்துத் தைத்து, எண்ணெயைத் தடுக்கும் மிதவைகளாகக் கடலில் விட்டார்கள். ரீயூனியனிலிருந்து கருவிகளும் ஆட்களும் வந்தனர். இந்தியாவும் தன் கடலோரக் காவல் படையினரை அனுப்பியது. எந்தக் கரும்புத் தோட்டத்திற்காக நம் முன்னோர் கண்ணீரோடு போனார்களோ, அந்தக் கரும்பின் சோகையே கடலைக் காக்கும் கருவியானது.

நம் கடலில் நடப்பது என்ன?

இப்போது நம் கரைக்குத் திரும்புவோம். தரங்கம்பாடியிலிருந்தும் பூம்புகாரிலிருந்தும் பழையாறிலிருந்தும் கடலுக்குப் போகும் நம் மீனவருக்கு எதிர்க்கரையில் இருப்பவர் யார்? நம் மொழி பேசுபவர், நம் உணவை உண்பவர், அவர்களுள் பலர் நம் திருப்பலியில் பங்கேற்பவர். தீவு நாடுகள் அரும்பாடுபட்டுக் கட்டிய பண்பாட்டு உறவு நமக்குப் பிறவியிலேயே கிடைத்திருக்கிறது. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கச்சத்தீவு இலங்கைக்குப் போனபின்னும், அங்குள்ள புனித அந்தோணியார் திருவிழாவில் இரு கரையினரும் ஒன்றாக முழந்தாளிட்டிருக்கிறார்கள். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. சிலநாளில் நின்றுபோன அச்சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது.

ஆயினும் கடலில் அமைதி இல்லை. 2025 ஜனவரியில் காரைக்காலிலிருந்து சென்ற படகு ஒன்றில் இருந்த மீனவர்கள் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிச் சூட்டில் காயமுற்றார்கள். நிராயுதபாணிகளான தொழிலாளர்மீது சுடுவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. பறிமுதல் செய்யப்படும் ஒவ்வொரு படகோடும் ஒரு குடும்பத்தின் கடனும் கண்ணீரும் சேர்ந்தே போகின்றன என்பதை மீனவப் பங்குகளில் பணியாற்றுபவர்கள் நன்கறிவார்கள்.

அதே வேளையில் நாம் கேட்க விரும்பாத குரல் ஒன்றும் உண்டு. 2009இல் போர் முடிந்து, பல ஆண்டுகளுக்குப் பின் கடலில் இறங்கிய யாழ்ப்பாணத்து மீனவர், அங்கே கண்டது நம் இழுவைப் படகுகளை. கடலின் அடிமட்டத்தைத் துடைத்தெடுக்கும் இழுவை மடி மீன்குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை. இரவில் விரித்த அவர்களின் வலைகளையும் அது அறுத்துப் போகிறது. போரில் வீட்டையும் பிள்ளைகளையும் இழந்து, கடன் வாங்கி வலை வாங்கியவரின் வலை அது. 2017இல் இலங்கை இந்த முறையைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் நம் அரசுகளும் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தன. மூன்றாண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய அந்தத் திட்டம் இலக்கின் அருகில்கூடச் செல்லவில்லை. பெரும் முதலீடும் புதிய பயிற்சியும் தேவைப்படும் மாற்றத்தை, கடனில் தத்தளிக்கும் படகுக்காரர் தலையில் மட்டும் சுமத்தினால் அது எப்படி நிறைவேறும்?

ஆக, ஒரே மொழியும் ஒரே திருவிழாவும் இருந்தாலே ஒற்றுமை வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. தீவு நாடுகள் நமக்குச் சொல்லும் செய்தி இதுவே: கூடி ஆடுங்கள், கூடிப் பாடுங்கள், ஆனால் வாழ்வாதாரத்தையும் கூடி அமர்ந்து நேர்மையோடு பேசுங்கள். 2004 முதல் இருநாட்டு மீனவர்களும் பலமுறை நேருக்கு நேர் அமர்ந்து பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுகளை அரசுகள் இடைவிடாமல் நடத்தவும், கடலடி இழுவையைக் கைவிடுவோருக்குத் தக்க உதவி கிடைக்கவும் நாம் குரல் கொடுக்க வேண்டும். கைதான நம் மீனவருக்காக மன்றாடும் ஞாயிறுகளில், வலை அறுந்து வெறுங்கையோடு கரை திரும்பிய யாழ்ப்பாணத்து மீனவருக்காகவும் மன்றாடினால் என்ன? நாகைக் கப்பலில் நம் இளையோர் அணி ஒன்று அக்கரைக்குச் சென்று விளையாடி வந்தால் என்ன?

லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெருவாரியான மீன்பாட்டை நினைவுகூர்வோம். வலை கிழியத் தொடங்கியபோது சீமோன் என்ன செய்தார்? மீன் முழுவதும் தமக்கே என்று இழுக்கவில்லை. மற்றப் படகில் இருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டி உதவிக்கு அழைத்தார். இரு படகுகளும் நிரம்பின. மற்றப் படகில் இருப்பவரைப் பகைவராகப் பார்த்திருந்தால் வலையும் கிழிந்திருக்கும், மீனும் போயிருக்கும்.

நம் கடலிலும் வலை கிழிந்துகொண்டிருக்கிறது, அன்பர்களே. மற்றப் படகில் இருக்கும் நம் உடன்பிறப்புக்குச் சைகை காட்ட நாம் தயாரா?