ஆண்கள் மட்டும் என்றொரு அடைப்புக்குறி

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் 2023இல் 3,359 இடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது. இரண்டாம் நிலைக் காவலர் 2,599, சிறைக் காவலர் 86, தீயணைப்பாளர் 674. காவலர் பட்டியலில் பெண்களுக்கு இடம் இருந்தது. சிறைக் காவலர் பட்டியலில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இருந்தது. தீயணைப்பாளர் 674 பேரும் ஆண்கள். 2025இல் மீண்டும் அறிவிக்கை வந்தது. 631 தீயணைப்பாளர் இடங்கள், அதிலும் ஆண்கள் மட்டும். ‘தீயணைப்பாளர்’ என்ற சொல்லில் ஆண்பால் விகுதி கிடையாது. மொழி திறந்து வைத்த கதவை அடைப்புக்குறி போட்டுச் சாத்தியிருக்கிறார்கள்.

நான் உடற்கல்வி ஆசிரியை. கோட்டாறிலும் சுற்று வட்டாரத்திலும் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்த பெண்பிள்ளைகள் சிலருக்குக் காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ‘போலீஸ் செலக்‌ஷன்’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சீருடை வேலை என்றால் இங்கே போலீஸ்தான். இவர்களில் ஒருத்தி அறிவிக்கையை வரிக்கு வரி வாசிக்கிறவள். “டீச்சர், மத்ததுல எல்லாம் நமக்கு இருக்கு, தீயணைப்புல மட்டும் ஏன் இல்ல?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத் துறைசார்ந்தவர்களும் சாராதவர்களும் எனக்குச் சொன்ன பதில் ஒன்றே: உடல் தகுதி. “ஹோஸைத் தூக்கணும், ஏணி ஏறணும், ஆளைச் சுமந்துகிட்டு இறங்கணும். பொம்பளப்பிள்ளைகளால முடியுமா?”

நல்லது, உடல் தகுதியைப் பற்றியே பேசுவோம். அது என் தொழில்.

தீயணைப்பாளராக ஓர் ஆண் எப்படித் தேர்வாகிறான்? 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். மார்பளவு 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் ஐந்து விரிய வேண்டும். கயிறு ஏற வேண்டும், நீளமோ உயரமோ தாண்ட வேண்டும், 100 மீட்டரோ 400 மீட்டரோ ஓட வேண்டும். இதே தேர்வைத்தான் ஆயுதப்படைக் காவலருக்குப் போகிறவனும் எழுதுகிறான், சிறைக் காவலருக்குப் போகிறவனும் எழுதுகிறான். மூன்று வேலைக்கும் ஒரே அளவுகோல். தண்ணீர் நிரம்பிய ஹோஸை இழுக்கச் சொல்வதில்லை. ஏணியைத் தூக்கி நிறுத்தச் சொல்வதில்லை. முதுகில் எடையோடு மாடிப்படி ஏறச் சொல்வதில்லை. மனித எடையுள்ள பொம்மையைத் தரையோடு இழுத்து வெளியே கொண்டுவரச் சொல்வதில்லை. எந்த வேலையைக் காட்டிப் பெண்களை நிறுத்துகிறார்களோ, அந்த வேலையை அவர்கள் ஆண்களிடம்கூடச் சோதித்துப் பார்ப்பதில்லை. சேர்ந்த பிறகு பயிற்சியில் கற்றுக்கொள்வான் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பெண்ணின் மேல் வைக்க மாட்டார்கள்.

இந்த வாதத்தை ஏற்கெனவே நீதிமன்றத்தில் வைத்துத் தோற்ற நாடுகள் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டானி மியோரின் என்ற பெண் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார். வேலையில் ஒரு குறையும் சொல்லவில்லை. பிறகு அரசு புதிதாக ஓர் உடல் தகுதித் தேர்வு கொண்டுவந்தது. நான்கு பகுதிகளில் மூன்றில் தேறினார். நான்காவது, 2.5 கிலோமீட்டரை 11 நிமிடத்தில் ஓடுவது. நான்கு முறை முயன்றும் அவருடைய சிறந்த நேரம் 11 நிமிடம் 49.4 வினாடி. அந்த 49 வினாடிக்காக வேலை போனது. 1999இல் கனடா உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி எளியது: இந்த ஓட்டத்தை இந்த நேரத்தில் முடிக்காதவரால் தீயைப் பாதுகாப்பாக அணைக்க முடியாது என்பதற்கு ஆதாரம் எங்கே? அரசிடம் ஆதாரம் இல்லை. மியோரினுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

நியூயார்க்கில் அதற்கும் முன்பே நடந்தது. 1970களின் கடைசியில் அங்கே பெண்கள் தீயணைப்புத் தேர்வு எழுதலாம் என்றார்கள். எழுத்துத் தேர்வில் தேறி உடல் தேர்வுக்குப் போன பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. பிரெண்டா பெர்க்மன் வழக்குப் போட்டார். அந்தத் தேர்வு வேலையோடு பொருந்தியது என்று நகர நிர்வாகத்தால் நிரூபிக்க முடியவில்லை என்று 1982இல் தீர்ப்பு வந்தது. தேர்வை மாற்றினார்கள். சுமார் நாற்பது பெண்கள் உள்ளே போனார்கள். உள்ளே போனவர்களைச் சக ஆண்கள் எப்படி நடத்தினார்கள் என்பது தனிக்கதை, நல்ல கதையும் இல்லை.

நம் உச்ச நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. ராணுவத்தில் பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி பற்றிய நிதிஷா வழக்கில் 2021 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. ஆண்கள் இளம் வயதில் கடந்துபோன மருத்துவத் தகுதி அளவுகோலைப் பல ஆண்டுகள் கழித்து வயது கூடிய பெண்கள் மேல் வைப்பது மறைமுகமான பாகுபாடு என்றது. எல்லாருக்கும் ஒன்றுபோலத் தெரிகிற அளவுகோல் ஒரு சாராரை மட்டும் வடிகட்டும் என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். நம் நிலைமை அதையும்விட மோசம். மியோரின் ஓடித் தோற்றார். நம் பிள்ளைகளை ஓடவே விடவில்லை.

இங்கே பெண்ணியவாதிகளில் சிலரோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. காவலர் தேர்வில் பெண்களுக்கு 1500 மீட்டர் கிடையாது. 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடினால் போதும். தீயணைப்பிலும் அதுபோல் சலுகை கொடுத்துச் சேர்த்தால் ஆயிற்று என்கிறார்கள். 400 மீட்டருக்கு இரண்டரை நிமிடம் என்பது வேகமாக நடப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். என் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் அதைத் தாண்டிவிடுவார்கள். புகை நிறைந்த வீட்டுக்குள் போகும்போது மூச்சுக்கருவி, தலைக்கவசம், தீக்காப்பு உடை, பூட்ஸ் எல்லாம் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் உடம்பில் ஏறும். தீ யாருக்கும் சலுகை காட்டாது. சின்னத் தேர்வு வைத்துச் சேர்த்தால், முதல் நாளிலிருந்தே ‘கோட்டாவில் வந்தது’ என்ற பெயரோடு அவள் நிலையத்துக்குள் நுழைவாள். தொலைபேசி எடுக்கவும் பதிவேடு எழுதவும் வைத்துக்கொள்வார்கள்.

வேண்டியது வேலையையே சோதிக்கிற ஒரு தேர்வு, எல்லாருக்கும் அதே தேர்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1999 முதல் பல தீயணைப்புத் துறைகள் அப்படி ஒன்றை நடத்துகின்றன. சுமார் 23 கிலோ எடையுள்ள உடுப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். படி ஏறுவதற்கு மட்டும் தோளில் இன்னும் 11 கிலோ. பிறகு ஹோஸ் இழுப்பது, கருவிகளைச் சுமப்பது, ஏணியை நிறுத்துவது, சம்மட்டியால் அடிப்பது, இருட்டுச் சுரங்கத்தில் தவழ்ந்து தேடுவது, 75 கிலோ பொம்மையை இழுப்பது, கூரையைக் குத்தி இழுப்பது. மொத்தம் எட்டு வேலை, 10 நிமிடம் 20 வினாடி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கடிகாரம். ஆனால் அந்தத் தேர்வோடு சேர்ந்து இன்னொன்றும் வருகிறது, நம் ஊரில் யாரும் பேசாதது: தேர்வுக்கு முன்பே எட்டு வாரம், அதே கருவிகளோடு பழகிப் பார்க்க வாய்ப்பு. உடல் தகுதி பிறப்பிலேயே வந்துவிடுவது இல்லை, அதைச் செய்து எடுக்க வேண்டும் என்பதைத் தேர்வு வைக்கிறவர்களே ஏற்றுக்கொண்டதால் வந்த ஏற்பாடு அது.

செய்து எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். சராசரிப் பெண்ணின் மேலுடம்புப் பலம் சராசரி ஆணின் பலத்தைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் பெண்பிள்ளைக்கு அந்தப் பலத்தை வளர்க்க யார் எப்போது சொல்லிக்கொடுத்தார்கள்? பையன் எட்டு வயதில் மரம் ஏறுகிறான், பதினைந்தில் தண்டால் எடுக்கிறான். அவள் பூப்பெய்தியதும் மைதானம் முடிந்துவிடுகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. முதல் மாதம் நான் ஓடவே விடுவதில்லை. ரத்தம் சோதித்து, இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடவைத்து, முட்டையும் கடலையும் சாப்பிடச் சொல்லி வீட்டில் சண்டை போடுவது முதல் வேலை. பிறகு உட்கார்ந்து எழுவது, மணல் மூட்டையைத் தோளில் வைத்துப் படி ஏறுவது, கயிறு. கயிறு ஏற முடியாது என்று எல்லாரும் சொல்வார்கள். முதலில் கயிற்றைப் பிடித்துச் சும்மா தொங்கவேண்டும், பத்து வினாடி, இருபது வினாடி. காலால் கயிற்றைப் பூட்டத் தெரிந்தால் பாதி எடை கைக்கு வராது. நான்கு மாதத்தில் மூன்று பேர் ஐந்து மீட்டர் ஏறினார்கள். ஆள் சுமப்பதும் அப்படித்தான். மயங்கிய ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவது சினிமாவில் வருகிற காட்சி. நிஜத்தில் புகை மேலே நிற்கும், காற்று தரையோடு இருக்கும். தவழ்ந்து போய் அக்குளுக்குக் கீழே பட்டை மாட்டி இழுத்து வருவார்கள், பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து. அதற்கு இடுப்பும் தொடையும் வேண்டும். பெண்ணுக்கு அங்கே பலம் குறைவில்லை.

பலத்தைப் பற்றிக் கோட்டாற்றில் நின்று சந்தேகப்படுவதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அறிவிக்கையை வாசித்துக் கேள்வி கேட்டாளே, அவளுடைய பாட்டி மணக்குடியிலிருந்து தலையில் மீன் கடவத்தோடு இங்கே சந்தைக்கு நடந்து வந்தவர். மணலில் ஓட்டமும் நடையுமாக, மீன் கெட்டுப்போவதற்குள் வந்து சேர வேண்டும். அம்மா இப்போது டெம்போவில் வருகிறார், ஆனால் கடவத்தை இறக்குவதும் தூக்குவதும் அவரேதான். “எங்க பிள்ளையால தூக்க முடியாதுன்னு யாரு சொன்னா டீச்சரே?” என்று அவர் கேட்டபோது சிரித்துவிட்டேன். கூலி குறைவான இடத்தில் பெண்ணின் பலத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. அரசுச் சம்பளமும் ஓய்வூதியமும் வருகிற இடத்தில்தான் நாடாவை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

அதே துறையின் மேல்மாடியில் பெண்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2003இல் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் குரூப் 1 தேர்வு வழியாகக் கோட்டத் தீயணைப்பு அலுவலர்களாக வந்தார்கள். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தின் பழைய கட்டடம் எரிந்தபோது பிரியா உள்ளே போய்த் தீக்காயத்தோடு வந்தார். அவருடைய குழுவில் ஒருவர் இறந்தார். அரசு அவருக்கு வீரத்துக்கான அண்ணா பதக்கம் கொடுத்தது. பட்டம் பெற்று குரூப் 1 எழுதிய பெண் எரிகிற கட்டடத்துக்குள் ஆண்களை வழிநடத்திப் போகலாம். பத்தாம் வகுப்பு முடித்த மீன்காரியின் மகள் அவருக்குப் பின்னால் ஹோஸைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. இதில் உடல் எங்கே வருகிறது? 2003இலேயே பெண் கமாண்டோ படை அமைத்த மாநிலம் இது.

எல்லை தாண்டினால் நிலைமை வேறு. கோட்டாறிலிருந்து களியக்காவிளை ஒன்றரை மணி நேர பஸ் பயணம்கூட இல்லை. கேரளம் பெண்களுக்கென்று 100 தீயணைப்புப் பணியிடங்களை உருவாக்கி, திருச்சூர் அருகே வியூரில் பயிற்சி கொடுத்து, 2024இல் முதல் அணியை நிலையங்களுக்கு அனுப்பியது. 1956 நவம்பர் 1 வரை நாமும் அந்தப் பக்கம்தான் இருந்தோம். போராடித்தான் தமிழ்நாட்டோடு வந்தோம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எல்லைக் கோடு மாறாமல் இருந்திருந்தால் என் பிள்ளை இந்நேரம் வியூரில் ஏணி ஏறிக்கொண்டிருப்பாள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பெண்களை மீட்கப் பெண் தீயணைப்பாளர்கள் வேண்டும் என்று ஒரு வாதம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. குளியலறையில் மாட்டிக்கொண்டவள், உடையெல்லாம் எரிந்தவள், கிணற்றில் விழுந்தவள் ஆகியோருக்குப் பெண் கை ஆறுதல் என்பது உண்மை. சமையலறைத் தீயில் கருகுகிறவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாதத்தை முன்னால் வைக்க எனக்கு மனமில்லை. மகளிர் காவல் நிலையம்போல ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, பெரிய தீக்குப் பையன்கள் போகட்டும் என்பார்கள். கோட்டாறு கம்போளத்தின் சந்துகளில் கொப்பரையும் கயிறும் வற்றலும் அடுக்கிய கிட்டங்கி தீப்பிடித்தால், அங்கே போகிற முதல் வண்டியில் அவள் இருக்க வேண்டும்.

அடுத்த அறிவிக்கை வருவதற்கு முன் உள்துறைக்கும் தேர்வுக் குழுமத்துக்கும் மனு அனுப்புகிறோம். மூன்று கோரிக்கைகள்: தீயணைப்பாளர் பணியில் ‘ஆண்கள் மட்டும்’ என்ற வரியை நீக்குவது, தீயணைப்பு வேலையைச் சோதிக்கும் தனித் தேர்வை எல்லாருக்கும் ஒன்றாக வைப்பது, தேர்வுக்கு எட்டு வாரம் முன்பு மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் ஹோஸும் ஏணியும் பொம்மையும் வைத்து விண்ணப்பித்தவர்களுக்கு இலவசப் பயிற்சி கொடுப்பது. எந்த ஆய்வின் அடிப்படையில் பெண்களை விலக்கினீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனியாக ஒரு மனுவும் போகிறது. அதை எழுதியது அறிவிக்கையை வரிக்கு வரி வாசிக்கிற அந்தப் பெண். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. தீயணைப்பாளர் பணிக்கு வயது வரம்பு 26.