அபிமன்னனை எத்தனை மணிக்குக் கொல்லறது?

“அழிந்துவரும் கலை”ன்னு இனிமேல் எங்களப் பத்தி எழுதாதீங்க. கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். தானா உதிர்ந்து விழ இது என்ன மண்சுவரா? ஒவ்வொரு கல்லா யாரோ உருவறாங்க. உருவற கை யாரோடதுன்னு எனக்குத் தெரியும். இத்தன வருசம் வாயத் தொறக்கல. தொறந்தா அடுத்த பண்டிகைக்குக் கூப்பிட மாட்டாங்களேங்கற பயம். இப்பத்தான் கூப்பிடறதே இல்லையே, இனி யாருக்குப் பயப்படணும்?

நான் மேச்சேரிப் பக்கத்துக் கூத்துக்காரன். பொம்பள வேசம் கட்டறவன். திரௌபதி, சந்திரமதி, நல்லதங்கா, ஆரவல்லின்னு கட்டாத வேசமில்ல. நங்கவள்ளி, ஜலகண்டாபுரம், தாரமங்கலம், ஓமலூர், மேட்டூர்னு இந்தச் சுத்துப்பட்டுல நான் ஆடாத மாரியம்மன் கோயில் வாசல் கம்மி. மீசை மொளைக்கறதுக்கு முன்னாடி வாத்தியார் கால்ல விழுந்து சலங்கை கட்டினவன். பள்ளிக்கூடத்துல நான் படிச்சது கொஞ்சம். பாரதம் மொத்தமும் அவர் வாயாலதான் படிச்சேன்.

துகில் கூத்துல துச்சாதனன் என் சேலையப் புடிச்சு இழுக்கறப்ப முன்வரிசையில உக்காந்திருக்கற பாட்டிங்க மாரடிச்சு அழுவாங்க. கூந்தல் விரிச்சுச் சபதம் சொல்ற எடத்துல எந்திரிச்சு வந்து கற்பூரம் காட்டுவாங்க. கைக்கொழந்தையத் தூக்கியாந்து என் மடியில போட்டு, “அம்மா, இதுக்குச் சொகமில்ல, துண்ணூறு போட்டு விடு”ன்னு கேட்டவங்க இருக்காங்க. அன்னைக்கு ராத்திரி முழுக்க நான் அந்த ஊருக்கு அம்மன்.

விடிஞ்சதும்?

தேங்காயெண்ணெயத் தடவித் துணியால மொகத்தத் தொடச்சா, முத்துவெள்ளையும் செவப்பும் கண்ணு மையும் ஒண்ணாக் கலந்து துணியெல்லாம் சேறு மாதிரி வரும். கண்ணு எரியும். அடித்தொண்டை வரைக்கும் பொடி வாசம் நிக்கும். அப்படியே போர் குழாய்க்குப் போய் நின்னா, ராத்திரி என் கால்ல விழுந்த அதே வீட்டு ஆளு சொல்றாரு, “டேய் கூத்தாடி, கொழாயத் தொடாத, தள்ளி நில்லு, ஊத்தறேன்.” எல்லாருக்கும் சில்வர் டம்ளர்ல டீ. எங்களுக்குப் பேப்பர் கப்புல, அதுவும் திண்ணைக்குக் கீழ. பின்னாடி இருந்து ஒரு வயசுப் பையன் சேலைய இழுக்கற மாதிரி கையக் காட்டறான். கூட இருந்தவங்க சிரிக்கறாங்க. பெரியவங்களும் சிரிக்கறாங்க. ராத்திரி அழுதது யாருக்காக சாமி? திரௌபதிக்கா? அவ வேற, நான் வேறயா? அப்படின்னா விடியறதுக்குள்ள அவள எங்க கொண்டுபோய் வெச்சீங்க?

இதையெல்லாம் பொறுத்துக்கிட்டோம். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊரு இருக்கறதுதானேன்னு முழுங்கிக்கிட்டோம். ராத்திரின்னு ஒண்ணு எங்க கையில இருந்துச்சு, அது போதும்னு இருந்தோம். அந்த ராத்திரியையும் புடுங்கிட்டாங்க.

கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்னு நம்ம சனங்க சொல்லுவாங்க. எப்ப விடியும்னு கூத்தாடி கிழக்கப் பாத்துக் கெடப்பானாம். இப்ப நாங்க கிழக்கப் பாக்கறதில்ல. போலீசு ஜீப்பு வர்ற ரோட்டப் பாத்துக்கிட்டு ஆடறோம். 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்டிகை நாள்னா வருசத்துக்கு 15 நாளு, அதுவும் 12 மணி வரைக்கும், அரசாங்கம் தளர்த்திக் குடுக்கலாம். பச்சக்கொழந்த, நோவுல கெடக்கறவங்க, பரிச்சைக்குப் படிக்கற புள்ளைங்க தூங்கணுமில்ல. சட்டம் கெட்டதுன்னு நான் சொல்ல வரல. ஆனா 10 மணிக்கு நாங்க அரிதாரமே பூசி முடிச்சிருக்க மாட்டோமே ஐயா. சாமி பாட்டுப் பாடி, கோமாளி வந்து சபையச் சிரிக்க வெச்சு, ராசா தெரை விலக்கிக் கொலுவுக்கு வர்றப்பவே நடுச்சாமம் ஆயிரும். கர்ணன் மோட்சத்துல கர்ணன் சாயறது கோழி கூவற நேரத்துல. பத்து மணியோட நிறுத்துன்னா, அபிமன்னன எத்தன மணிக்குக் கொல்லறது? சாயங்காலம் டீக்கடையிலயா?

மைக் இல்லாம ஆடுங்கறாங்க. பெட்ரோமாக்ஸ் லைட்டு வெளிச்சத்துல மைக் இல்லாம ஆடின பரம்பரைதான் இது. அன்னைக்கு ஊரு சத்தமில்லாம இருந்துச்சு. இன்னைக்குப் பக்கத்துல ராட்டினம், ஜெனரேட்டரு, பஞ்சுமிட்டாய்க்காரன் ஸ்பீக்கரு. அதுக்கு மேல எந்தக் கொரவளை கத்தும்? சரி, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே. ஒரு ஊர்ல பத்து மணிக்கு நாங்க நிறுத்தின அதே கோயில் வாசல்ல மறுநாள் ராத்திரி ஆர்கெஸ்ட்ரா நடந்துச்சு. பன்னெண்டு தாண்டியும் நடந்துச்சு. நெஞ்சே அதிர்ற மாதிரி பாக்ஸ் அடுக்கி ஆடினாங்க. ஜீப்பு வந்துச்சு, நின்னுச்சு, போயிருச்சு. அந்தச் சத்தம் கேட்டா மட்டும் கொழந்தைக்குத் தூக்கம் வருமா?

இன்னொண்ணும் சொல்றேன். முன்ன ஒரு தடவ ஒரு போலீசு ஸ்டேசன்ல பர்மிசனுக்குப் போனப்ப, அங்க இருந்த அதிகாரி “ஸ்கிரிப்ட் குடு, படிச்சுப் பாத்துட்டு சொல்றேன்”னாரு. கோமாளி வாயில என்ன வரும்னு கோமாளிக்கே தெரியாதே, எதை எழுதிக் குடுக்கறது? அப்படிக் கேக்க வெச்சது 1954-ல போட்ட நாடகச் சட்டம். வெள்ளக்காரன் 1876-ல போட்டதோட வாரிசு. நாடகக்காரர் ஞாநி வழக்குப் போட்டு 2013-ல சென்னை உயர் நீதிமன்றம் அதோட முக்கியமான பிரிவையெல்லாம் செல்லாதுன்னு சொல்லிருச்சு. புண்ணியவான். சட்டம் போச்சு. ஆனா கூத்தாடின்னா சந்தேகப்படற அந்தக் கண்ணு போச்சா?

காசு கதைக்கு வர்றேன். ஒரு ஊர்ல விழாக் கமிட்டிக்காரங்க கூத்துக்கு ஒரு தொகை பேசினாங்க. விடிய ஆடி முடிச்சு, வேசக் கட்டையெல்லாம் பொட்டியில அடுக்கி, கோயில் திண்ணையில உக்காந்திருந்தோம். எட்டு மணி ஆச்சு, பத்தாச்சு. மத்தியானம் ஒருத்தர் வந்து பாதிப் பணத்த நீட்டினாரு. வசூல் கொறவாம். “அடுத்த வருசம் சேத்து வாங்கிக்கங்க.” ஆர்கெஸ்ட்ராவுக்கு முழுப்பணமும் முன்கூட்டியே போயிருச்சுன்னு எங்களுக்குத் தெரியும். அந்த அடுத்த வருசம் வரவே இல்ல. பாதிப் பணத்த வேசக்காரங்க, மத்தளம், ஆர்மோனியம், முகவீணை, வண்டி வாடகைன்னு பிரிச்சா ஆளுக்கு என்ன மிஞ்சும்? சித்தாளு கூலிகூடத் தேறல. வீட்டுக்குப் போனா, “ராத்திரி பூரா ராசாவா இருந்துட்டு வந்திருக்கீங்களே, ரேசன் அரிசிக்குக் குழம்பு வைக்க என்ன கொண்டாந்தீங்க?”ன்னு சம்சாரம் கேக்கறா. அவ கேட்டது தப்பா?

2020. அந்த வருசத்த நெனச்சாலே வயிறு கலங்குது. எங்களுக்குப் பொழப்பே பங்குனி, சித்திரை, வைகாசிதான். அதுல சம்பாரிச்சுத்தான் ஐப்பசி வரைக்கும் ஓட்டணும். சரியா பங்குனியில ஊரடங்கு. வாங்கின அச்சாரத்தையெல்லாம் திருப்பிக் கேட்டாங்க. செலவழிஞ்ச காசுக்கு எங்க போறது? அடுத்த வருசமாவது விடியும்னு பாத்தா, 2021 சித்திரையில திரும்பவும் ராத்திரி ஊரடங்கு, பத்து மணியில இருந்து. ரெண்டு வருசம். எங்க செட்டுல முகவீணை வாசிச்ச அண்ணன் செங்கச்சூளைக்குப் போனாரு. மூச்சையடக்கி வாசிச்ச நெஞ்சுல சூளைப் புகை போச்சு. அந்த வருசமே போய்ச் சேந்துட்டாரு. அவர் வாசிப்பு கேட்டு ஆடின கால்ல அவர் பாடைய எடுத்துட்டுப் போனோம். கொரோனாவா, சூளையா, பசியான்னு எந்த டாக்டரும் எழுதித் தரல. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

உதவி கேட்டு ஒரு ஆபீசுக்குப் போனேன். கலைஞர்ங்கறதுக்கு அத்தாட்சி எங்கன்னாங்க. எந்தக் கோயில் வாசல்ல சர்டிபிகேட் குடுக்கறாங்க? கால்ல சலங்கை அறுத்த தழும்பக் காட்டினேன். அதுக்கு சீல் அடிக்க முடியாதுன்னு சிரிச்சாங்க.

படிச்சவங்க செஞ்சத மட்டும் விட்டுர முடியுமா? ஆராய்ச்சின்னு ஒருத்தர் வந்தாரு. நல்லாத்தான் பேசினாரு. எங்க வீட்டுல சாப்பிட்டாரு, அண்ணான்னு கூப்பிட்டாரு. வாத்தியார் தன் கையால எழுதிக் குடுத்த கூத்து நோட்டு என்கிட்ட இருந்துச்சு. பென்சில் எழுத்து, ஓரமெல்லாம் எண்ணெய்க்கறை, எந்த விருத்தத்துக்கு எந்த ராகம், எங்க அடி மாத்தணும்னு ஓரத்துல குறிப்பு. “ஜெராக்ஸ் எடுத்துட்டு ஒரு வாரத்துல தர்றேன்”னு வாங்கிட்டுப் போனாரு. போன் பண்ணினா எடுக்கல. அப்பறம் நம்பரே மாறிப் போச்சு. அவருக்குப் பட்டம் கெடச்சிருக்கும். எனக்கு வாத்தியார் ரெண்டாவது தடவ செத்தாரு. எங்கள எழுதி நீங்க டாக்டர் ஆனீங்க. எங்க மெட்டத் தூக்கி சினிமாவுல போட்டுக் கைதட்டு வாங்கினீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, கேட்டீங்களா?

மேச்சேரின்னா ஆடுதான் ஞாபகம் வரும். மேச்சேரி ஆட்டுத் தோலுக்கு இருக்கற கிராக்கி ஊரறிஞ்சது. அந்த இனத்தக் காக்க 1978-ல பொட்டனேரியில ஆராய்ச்சி நிலையமே வெச்சாங்க. வெச்சது நல்லதுதான், ஆடு நல்லா இருக்கட்டும். ஆட்டுத் தோலப் பதப்படுத்தி, ஓட்ட போட்டு, சாயம் ஏத்தி, ராமனும் ராவணனுமா வெளக்கு வெளிச்சத்துல ஆட்டற பாவைக்கூத்து மனுசன் இந்தச் சேலம் ஜில்லாவுல எத்தன பேரு மிச்சம்? ஆட்டுக்குக் கெடச்ச அக்கறையில கால்வாசி கூத்தாடிக்கு வேணாமா?

கூத்துக் கத்துக்கற ஆசை யாருக்கும் இல்லாமப் போச்சுன்னு பொய் சொல்லாதீங்க. எங்க சேலம் ஜில்லா ஏர்வாடியில மு.ஹரிகிருஷ்ணன் களரின்னு கூத்துப்பள்ளி வெச்சிருக்காரு. மணல்வீடுன்னு பத்திரிகையும் நடத்தறாரு. கூத்துக்காரங்கள மேடையேத்தி மாலை போட்டு, விடிய விடிய ஆட வெச்சு, அடுத்த தலைமுறைக்கு அடவு சொல்லிக் குடுக்க வெச்ச மனுசன். காஞ்சிபுரம் பக்கத்துல பெ.ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002-ல கட்டைக்கூத்து குருகுலம் ஆரம்பிச்சாங்க. பள்ளிக்கூடப் படிப்பும் கூத்தும் ஒரே எடத்துல. பொம்பளப் புள்ளைங்க கிரீடம் வெச்சு ராசா வேசம் ஆடினாங்க. அது 2020-ல மூடிப் போச்சு. ஆடறதுக்குப் புள்ளைங்க வந்தாங்க, சொல்லிக் குடுக்க வாத்தியாரும் இருந்தாங்க. தாங்கிப் புடிக்க நாமதான் இல்ல.

கூத்துப் பழகற பையன் ஒருத்தன் போன்ல ஒண்ணு காட்டினான். பாலஸ்தீனத்துல ஜெனின்னு ஒரு அகதி முகாம். அங்க சுதந்திர நாடக அரங்குன்னு ஒண்ணு 2006-ல ஆரம்பிச்சாங்களாம். ஆரம்பிச்சவர்ல ஒருத்தர் ஜூலியானோ மெர் காமிஸ். 2011 ஏப்ரல்ல அந்த அரங்கு வாசல்கிட்டயே சுட்டுக் கொன்னுட்டாங்க. நிறுத்தல. 2023 டிசம்பர்ல இஸ்ரேல் ராணுவம் உள்ள பூந்து அடிச்சு நொறுக்கி, அரங்கு நடத்தறவங்களப் புடிச்சிட்டுப் போனாங்க. அதுல முஸ்தபா ஷெட்டாங்கறவர விசாரணையே இல்லாம ஒரு வருசத்துக்கு மேல உள்ள வெச்சிருந்தாங்க. அப்பவும் நிறுத்தல. நம்ம டெல்லி ஜன நாட்டிய மஞ்ச்காரங்க அவங்களோட சேந்து ஆடியிருக்காங்களாம். அந்தக் குழுவோட சஃப்தர் ஹாஷ்மிய 1989 சனவரி ஒண்ணாந்தேதி, தொழிலாளிங்களுக்காக ஆடிக்கிட்டிருந்த எடத்துலயே அடிச்சாங்க. மறுநாள் செத்துட்டாரு. நாலாந்தேதி அவர் சம்சாரம் மொலயஸ்ரீ அதே எடத்துக்குப் போய், பாதியில நின்ன நாடகத்த ஆடி முடிச்சாங்க.

அவங்களோட எங்கள வெச்சுப் பேசல. அங்க குண்டு விழுது. எங்க மேல குண்டு விழல. அதனாலதான் ராத்திரி எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. குண்டு போட்டு இடிச்ச எடத்துலயும் ஆடறவன் இருந்தான், பாக்க வர்ற சனமும் இருந்துச்சு. குண்டே விழாத ஊர்ல எங்க கூத்துக்களம் ஏன் காலியாக் கெடக்கு? எங்களுக்கு எதிரி வெளிநாட்டுப் பட்டாளமா? எங்க அப்பன் தாத்தன் ஆடினத உக்காந்து பாத்து வளந்த எங்க ஊர்க்காரங்கதானே?

நான் பிச்சை கேக்கல. பொன்னாடையும் வேணாம். பேசின கூலிய ஆடறதுக்கு முன்னாடி கையில குடுங்க. காலையில எங்களுக்கும் அதே சில்வர் டம்ளர்ல டீ குடுங்க. வருசத்துல ஒரு ராத்திரி, ஒரே ராத்திரி, ஊரு சேந்து போய் அனுமதி வாங்கி, விடியற வரைக்கும் எங்கள ஆட விடுங்க. அபிமன்னன் சாகட்டும், சுபத்திரை அழட்டும், நீங்களும் அழுங்க. புள்ளைங்களக் கூட்டிட்டு வந்து முன்வரிசையில உக்கார வைங்க.

மாசி வருது. மேச்சேரி பத்ரகாளியம்மன் தேர் வரும். சுத்துப்பட்டு ஊர்லயெல்லாம் விழாக் கமிட்டி கூடும், வரவு செலவு நோட்டப் பிரிப்பாங்க. அந்தக் கூட்டத்துல நீங்களும் உக்காந்திருப்பீங்க. “கூத்து எதுக்கு, யாரு பாக்கப் போறா”ன்னு ஒருத்தர் சொல்லுவாரு. அப்ப “நான் பாப்பேன்”னு சொல்ல அந்தக் கூட்டத்துல ஒரு வாய்கூட இல்லையா?