பொது அட்டவணையில் திருத்தம்

தம் சொந்தக் கணக்கேட்டில் ஒரு வரியை அடித்து எழுதுவது எவர்க்கும் எளிது. பல நாட்டார் ஒருங்கே நம்பிக் கையாளும் பொது அட்டவணையில் ஓர் எழுத்தைச் சேர்ப்பதோ எளிதன்று. எளிதாயிருத்தலும் தகாது என்பது நம் கருத்து. கணிப்பொறிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு எழுத்தட்டவணையே இதற்குச் சான்று.

இவ்வட்டவணை ஒவ்வோர் எழுத்திற்கும் குறிக்கும் ஓர் எண்ணை நியமிக்கின்றது. சென்னையில் எழுதிய கடிதம் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் சிதையாமற் படிக்கப்படுவது அவ்வெண்களின் ஒருமையாலேயாம். 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதற்கு மாதிரியாய் நின்ற 1988-ஆம் ஆண்டின் இந்தியக் குறியீட்டு முறை, இந்திய லிபிகள் பலவற்றையும் ஒரே அச்சில் வார்த்தது. அதன் பயனாக, நம் ஆய்தத்திற்கு அங்கே ‘விசர்க்கம்’ என்று பெயர். தமிழில் வழங்காத அநுஸ்வாரக் குறியொன்றும் நம் பகுதியில் வீற்றிருக்கின்றது.

இவற்றை நீக்கிவிடலாகாதோ எனின், ஆகாது. ஒருமுறை ஏற்ற எழுத்தை நீக்குவதில்லை, இடம் மாற்றுவதில்லை, பெயர் மாற்றுவதுமில்லை என்பது யூனிகோடு சங்கத்தாரின் உறுதி. எண் மாறினால் முன்னெழுதிய ஆவணங்களெல்லாம் பொருள் கெடுமன்றோ? ஆகவே, பிழை புகுமுன் தடுப்பதொன்றே வழி.

பிரேரணை அனுப்பும் உரிமை யாவர்க்கும் உண்டு. எழுத்தின் வடிவம், பயன், அது வழங்கியதற்குரிய அச்சுச் சான்று ஆகியவற்றை அதனுடன் காட்டல் வேண்டும். லிபி வல்லுநர் முதலில் ஆராய்வர். பின்னர்ச் சங்கத்தின் தொழில்நுட்பக் குழு தீர்மானிக்கும். சர்வதேசத் தரநிர்ணய ஸ்தாபனத்தின் வாயிலாகப் பல நாட்டாரும் வாக்களிப்பர். முந்திரி முதலிய தமிழ்ப் பின்னங்களையும் பழங்கணக்குக் குறிகளையும் பற்றிய பிரேரணை 2012-இல் சமர்ப்பிக்கப்பட்டது. 51 குறிகள் அட்டவணையேறியது 2019-இல். இஃது அளவிறந்த தாமதம் என்பார் உளர். என்றும் அழிக்கவொண்ணாத ஒன்றை எழுதுமுன் ஏழாண்டு ஆராய்தல் மிகையன்று என்போம் நாம்.

கிரந்தத்தைப் பற்றிய பிரேரணைகள் 2010-இல் எழுந்தபோது நிகழ்ந்ததும் இதனையே வலியுறுத்தும். தமிழ்நாட்டில் ஆட்சேபம் கிளம்பவே, முடிவு ஒத்திவைக்கப்பட்டது. 2014-இல் கிரந்தம் தனிப் பகுதி பெற்றது. ழ, ற, ன என்னும் நம் எழுத்துக்கள் அதிற் கலக்கவில்லை. முறை விரைவானதாயிருந்தால் ஆட்சேபிக்கவும் அவகாசம் இராது.

ஒரு குறை மெய்யே. சங்கத்தில் வாக்குரிமை சந்தா செலுத்தும் உறுப்பினர்க்கே. அவருட் பலர் பெரு வர்த்தக நிறுவனத்தார். எழுத்தை நாடோறும் எழுதும் மக்களுக்கு வாக்கில்லை. ஆயினும் பிரேரணைகள் எவரும் படிக்குமாறு வெளியிடப்படுகின்றன. ஆட்சேபம் எழுதவும் தடையில்லை. வாக்கில்லாதார்க்கு வலிமை சான்று ஒன்றே. பின்னக் குறிகளும் பழைய கணக்கு நூல்களின் சான்றினாலன்றோ இடம்பெற்றன?

மாணவ நண்பர்களே, உங்கள் இல்லங்களின் பரணில் உறங்கும் கணக்கேடுகளையும் நிலப் பத்திரங்களையும் செல்லுக்கு இரையாக்காதீர்கள். எடுத்துப் படியுங்கள், படமெடுத்து வையுங்கள். அட்டவணை முடிந்தபின் குறைகூறுதல் யார்க்கும் எளிது. ஆராயப்படும் காலத்தே சான்றோடு சென்று நிற்பதே மொழிக்குச் செய்யும் தொண்டாகும்.