படகுக்கு வெட்டிய கால்வாய்

ஒக்கியம் மடுவு நீளத்தில் சிறியது. பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும் வெள்ளம், துரைப்பாக்கத்துக்கும் காரப்பாக்கத்துக்கும் இடையே பழைய மாமல்லபுரம் சாலையின் அடியில் புகுந்து, கிழக்கே பக்கிங்காம் கால்வாயில் விழும் வழி அது. மழைக்காலத்தில் மட்டும் செய்தித்தாள்களுக்கு அதன் நினைவு வரும். மடுவைத் தூர்வார வேண்டும் என்ற ஒரே வரியோடு செய்தியும் முடியும். இந்த வாரமும் அதே வரிதான்.

மடுவுக்குத் துணையாறுகள் கிடையாது. அந்த வேலையை ஏரிகள் செய்கின்றன. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் சதுப்பு. வேளச்சேரி ஏரியின் மிகுநீர் வடக்கிலிருந்தும், பெரும்பாக்கம் பக்கத்து நீர் தெற்கிலிருந்தும் வரும். 2022இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறிய சதுப்பின் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு நிற்பதும் ஊரறிந்த விஷயம்.

மடுவை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் நீர் போய் விழுவது கால்வாயில்தான். அந்தக் கால்வாயை வெட்டியவர்கள் வெள்ளத்தை நினைக்கவே இல்லை, படகை நினைத்தார்கள். 1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய வாய்க்காலே அதன் தொடக்கம். 1876-78 தாதுவருடப் பஞ்சத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. மண் சுமந்தவர்கள் பசித்த கூலிகள். 1878இல் கால்வாய்க்குக் கிடைத்ததோ ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர். இப்படிப் பெயர் வைப்பதில் அரசுகளுக்கு எப்போதும் தனித் திறமை உண்டு.

உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகளுக்கு ஓட்டம் இல்லாத நீர் வேண்டும். ஆகவே கால்வாய் கடற்கரையை ஒட்டி ஏறக்குறைய சமமட்டத்தில் போகிறது. கடல் ஏற்றத்தில் உப்புநீர் உள்ளே வரும், இறக்கத்தில் வெளியேறும். படகுக்கு வசதியான இந்தச் சமமட்டம் வெள்ளத்துக்கு எதிரி. தள்ளிவிடச் சரிவு கிடையாது. போதாததற்கு, சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்களையும் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள்.

மடுவிலிருந்து வரும் நீர் கால்வாயோடு தெற்கே திரும்பி, முட்டுக்காட்டுக் கழிமுகத்தை அடைந்து, கோவளத்தில் கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தில் அலைகள் மணலைக் குவித்து வழியைச் சுருக்கிவிடும். மணல் திட்டு அடைத்த நாளில் கடல் ஏற்றமும் கனமழையும் சேர்ந்துவிட்டால் கால்வாய் நிரம்பி, மடுவு தேங்கி, சதுப்பின் மட்டம் உயர்ந்து, வேளச்சேரித் தெருக்களில் நீர் வடியாமல் நிற்கும்.